தேவசித்தம் தெரியாமல் முடிவெடுப்பது எப்படி? ரியாத் வேலையைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு செவிலியர். ரியாத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது, பத்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையைக் கணவரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. மூன்று மாதமாக உபவாசம் போட்டு ஜெபிக்கிறீர்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "நான் உன்னோடே இருந்து, நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காத்து" என்ற வசனம் வந்தது. ஒரு ஊழியக்காரர் உங்கள் தலையில் கைவைத்து, கர்த்தர் உங்களைத் தூரதேசத்துக்கு அனுப்புகிறார் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். இவ்வளவு இருந்தும் மனதில் சமாதானம் இல்லை. "தேவசித்தத்தைத் தவறவிட்டுவிட்டால் என் ஆசீர்வாதம் போய்விடுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். போகலாமா வேண்டாமா என்பது மேலே தெரிகிற கேள்வி. அடியில் கிடக்கும் கேள்வி, கர்த்தர் நடத்துகிறார் என்று நம்புகிறவள், எந்தப் பக்கம் என்று தெரியாதபோது எதைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைப்பது என்பது. நான் பதில் சொல்வது அந்தக் கேள்விக்குத்தான். போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, உங்கள் வீட்டைப் பற்றிய போதிய அறிவும் இல்லை. அப்படி வெளியிலிருந்து சொல்ல வருகிற யாரிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாகக் கேட்டதற்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற எதுவும் தெளிவாகத் தெரியாது. கர்த்தர் ஒரே ஒரு வழியை ரகசியமாக வரைந்து வைத்திருக்கிறார், அதில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மீதி வாழ்க்கை முழுதும் இரண்டாந்தர ஆசீர்வாதம்தான் என்ற எண்ணம் நம் சபைகளில் பரவலாக இருக்கிறது. வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. உபாகமம் 29:29 மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவை, வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. மறைவானதைக் கண்டுபிடிக்காததற்காக யாரும் அங்கே தண்டிக்கப்படவில்லை. தெளிவான கட்டளையையே மீறி எதிர்த்திசைக்கு ஓடிய யோனாவுக்குக்கூட, மூன்றாம் அதிகாரம் முதல் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் வருகிறது. அறிந்து ஓடியவனையே விடாதவர், அறியத் துடித்து அழுகிற உங்களை ஒரு தவறான கணிப்புக்காக விட்டுவிடுவாரா? இதை உறுதியாகத் தெரிந்தவைகளில் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேவசித்தம் என்ற சொல்லை வேதம் நேரடியாக விளக்கும் இடங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 1 தெசலோனிக்கேயர் 4:3 நாம் பரிசுத்தமுள்ளவர்களாவதே தேவனுடைய சித்தம் என்கிறது. அதே நிருபத்தின் 5:18 எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதே சித்தம் என்கிறது. ஊரும் சம்பளமும் அங்கே பேசப்படவில்லை. மறுமணம் செய்ய விரும்பும் விதவையைப் பற்றி 1 கொரிந்தியர் 7:39இல் பவுல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ணிக்கொள்ள அவள் விடுதலையாயிருக்கிறாள், ஆகிலும் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்கிறார். வேலி ஒன்று, அதற்குள்ளே விடுதலை. திருமணம் போன்ற பெரிய விஷயத்திலேயே இப்படியென்றால், நேர்மையான இரண்டு வேலைகளுக்கு நடுவிலும் அந்த விடுதலை உண்டு என்பது என் தீர்மானமான கருத்து. இதில் இறையியலார் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட சித்தம் நுணுக்கமாக உண்டு, அதைத் தேடிக் கண்டடைய வேண்டும் என்று போதிக்கிற பக்தியுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் ஒத்துக்கொள்வது ஒன்றுண்டு: அப்படியொன்று நமக்குத் தெரிய வேண்டுமானால் தெரியப்படுத்துவது கர்த்தருடைய பொறுப்பு. துப்பறிவது உங்கள் பொறுப்பு ஆகாது.

இனி உங்கள் கையில் இருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாக எடைபோடலாம். முதலில் அட்டை. அந்த வசனம் ஆதியாகமம் 28:15. அட்டையில் இடம் போதாமல் விடுபட்டிருக்கும் பகுதி "இந்தத் தேசத்துக்கு உன்னைத் திரும்பிவரப்பண்ணுவேன்" என்பது. இந்த வார்த்தை யாக்கோபுக்கு எப்போது கிடைத்தது என்று பாருங்கள். அப்பாவை ஏமாற்றி, அண்ணனுக்குப் பயந்து, ஏற்கெனவே வீட்டை விட்டுப் புறப்பட்டு, வழியில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும்போது கிடைத்தது. போ என்ற கட்டளை அதில் இல்லை. போய்க்கொண்டிருக்கிறவனோடு வருவேன் என்ற உறுதி இருக்கிறது. ஆகவே அந்த வசனம் உங்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பது தெளிவு: நீங்கள் போனால் அவர் கூட வருவார், போகாவிட்டாலும் உங்களை விட்டு ரியாத்துக்குப் போய்விடமாட்டார். திரும்பி வர யாக்கோபுக்கு இருபது வருஷம் ஆனது என்பதையும் (ஆதியாகமம் 31:41) சேர்த்தே வாசியுங்கள்.

வசனங்களைச் சீட்டாக எடுக்கும் பழக்கம் நம் ஊரில் தோன்றியது அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த, புராட்டஸ்டண்ட் சபையினரான மொரேவியச் சகோதரர்கள் 1728இல் அன்றன்றைக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுக்கொரு புத்தகமாக அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கப்படுகிறது. தியானத்துக்கு அது அருமையான வழி. ஆனால் அதே சகோதரர்கள் திருமணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள், அது மனிதர்மேல் பாரமானது. 1818 மாமன்றத்தில் அமெரிக்கச் சபைகளின் சாதாரண அங்கத்தினருக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இவர்களில் சிலர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியவர்கள் என்பது நமக்கு ஒரு நெருக்கம். இதற்கெல்லாம் வெகுகாலத்துக்கு முன்பே, சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து உலகக் காரியங்களுக்குக் குறி பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் 386இல் மிலானில் அவர் வாழ்க்கையைத் திருப்பியது தற்செயலாகத் திறந்த ரோமர் நிருபப் பக்கம்தான். முரணாகத் தோன்றலாம். ஆனால் அவர் அன்று வாசித்தது வேதத்தில் எல்லாருக்கும் எழுதியிருக்கிற கட்டளை: துர்நடத்தையைக் களைந்து கிறிஸ்துவைத் தரித்துக்கொள். எந்த ஊரில் வேலை பார்ப்பது என்று அந்தப் பக்கத்தில் அவர் தேடவில்லை.

அடுத்து தீர்க்கதரிசனம். இன்றும் தீர்க்கதரிசன வரம் உண்டா என்பதில் பெந்தெகொஸ்தே சபைகளும் சில சீர்திருத்தச் சபைகளும் வேறுபடுகின்றன. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை, உண்டு என்று நம்புகிறவர்களுக்கும் வேதம் விதி வைத்திருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருக்கவும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் ஒரே மூச்சில் சொல்கிறது. 1 கொரிந்தியர் 14:29 ஒருவர் சொல்ல மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது. 1 இராஜாக்கள் 13இல் பெத்தேலின் கிழவனான தீர்க்கதரிசி, ஒரு தூதன் சொன்னான் என்று பொய் சொல்லித் தேவனுடைய மனுஷனைத் திருப்பி அழைத்துவந்தான். ஏற்கெனவே தனக்குத் தெளிவாகக் கிடைத்திருந்த வார்த்தையைவிட இன்னொருவருடைய வார்த்தையை அந்தத் தேவமனுஷன் பெரிதாக எடுத்துக்கொண்டதன் விலை அவன் உயிர். உங்களுக்குச் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: அவருக்கு உங்கள் வேலைப் பேச்சு முன்பே தெரியுமா? தூரதேசம் என்றாரா, ரியாத் என்றாரா, இந்த ஒப்பந்தம் என்றாரா? தூரதேசம் என்ற சொல்லுக்குள் ஹைதராபாத்தும் அடங்கும், பத்து வருஷம் கழித்து வரப்போவதும் அடங்கும். உங்கள் போதகரும் உங்களை நன்கு அறிந்த மூப்பர்களும் அதைக் கேட்டு நிதானித்தார்களா? சொன்னவருக்கு அதில் காணிக்கை லாபம் ஏதும் உண்டா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிற தீர்க்கதரிசனத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

உண்மையான தீர்க்கதரிசனம்கூட முடிவை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வதில்லை என்பதற்கு அப்போஸ்தலர் 21 சாட்சி. தீருவில் இருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலினால் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலிடம் சொன்னார்கள். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்காட்டினான். அவன் சொன்ன கட்டும் சிறையும் அப்படியே வந்தது. ஆனாலும் பவுல் போனார், கடைசியில் எல்லாரும் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்தார்கள். வரப்போகிற துன்பத்தை ஆவியானவர் காட்டினார். போகலாமா என்ற முடிவைப் பவுல் தன் அழைப்பைக் கொண்டு எடுத்தார்.

சமாதானம் இல்லை என்பதைத்தான் நீங்கள் மிகவும் கனமாக எடுத்திருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். கொலோசெயர் 3:15இல் தேவசமாதானம் இருதயங்களில் ஆளக்கடவது என்பதற்கு மூலமொழியில் வரும் வினைச்சொல் ஆட்டத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்வதைக் குறிப்பது. இதைவைத்தே உள்ளத்தில் அமைதி வந்தால் போ, வராவிட்டால் நில் என்று போதிக்கிறார்கள். ஆனால் அதே வசனத்தின் மறுபாதி ஒரே சரீரமாக அழைக்கப்பட்டிருப்பதைப் பேசுகிறது. முன்னும் பின்னும் பேசப்படுவது ஒருவரையொருவர் மன்னிப்பது. சபைக்குள் சண்டை எழும்போது எது தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். உள்ளத்தின் அமைதி சாட்சி சொல்லலாம். ஆனால் தனியாக நிற்கும் சாட்சி அது. கடவுளை விட்டு ஓடிய யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை பண்ணினான். பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் நின்ற இயேசு கெத்செமனேயில் மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டார். யோப்பாவில் கப்பல் தயாராக இருந்தது, கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. கதவு திறந்திருப்பதையே சித்தமாக எடுத்தால் யோனா செய்தது சரி என்றாகிவிடும். பவுலோ துரோவாவில் கர்த்தராலேயே கதவு திறந்திருந்தும், தீத்துவைக் காணாததினால் ஆவிக்கு அமைதல் இல்லாமல், அந்தக் கதவை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் போனார் (2 கொரிந்தியர் 2:12, 13). அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

ஆகவே அமைதியின்மைக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். தாளை எடுத்து, "எனக்குச் சமாதானம் இல்லை, ஏனென்றால்" என்று தொடங்கிப் பத்து வரி எழுதுங்கள். வெளியே வருவது மனசாட்சியா, துக்கமா, பயமா, களைப்பா என்று பிரியும். யாரிடமாவது ஒன்றை மறைத்து, அல்லது கணவருக்கு உண்மையில் சம்மதம் இல்லாமலே போகிறேன் என்று வந்தால் அது மனசாட்சி. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. பிள்ளையை விட்டுப் போவதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்று வந்தால் அது அன்பின் விலை. சித்தம் இல்லை என்பதற்கு அது அடையாளமாகாது, ஆனால் போடப்போகும் கணக்கில் அதற்கு முழு எடை கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஊர், மொழி தெரியாது என்று வந்தால் அது பயம், தகவல் கிடைத்தால் பாதி கரையும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாரக்கணக்கில் இப்படியே என்று வந்தால் ஆவிக்குரிய அடையாளமாக அதை விளக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாத உபவாசமும் இரவு டியூட்டியும் சேர்ந்தால் யாருக்கும் உடம்பு தளரும். உபவாசத்தை இப்போது நிறுத்திவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து முடிவெடுப்பது அவிசுவாசம் ஆகாது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது அப்பமும் தூக்கமும்தான்.

கிதியோனைப் போல இன்னொரு அடையாளம் கேட்கலாமா என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நியாயாதிபதிகள் 6இல் கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டது சித்தம் தெரியாததால் இல்லை. இஸ்ரவேலை இரட்சிக்கும்படி அவனுக்குக் கட்டளை நேரடியாகவே கிடைத்திருந்தது, "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்கிறான். முதல் இரவு தோல்மேல் மட்டும் பனி விழுந்து ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் பிழிந்தான். ஆட்டுமயிர் தானாகவே பனியை உறிஞ்சும், தரை சீக்கிரம் காயும் என்ற சந்தேகம் வந்திருக்கும் போலிருக்கிறது. மறுநாள் தலைகீழாகக் கேட்டான். ஒரு அடையாளம் இன்னொன்றைக் கேட்கத் தூண்டும் என்பதுதான் இந்த வழியின் கோளாறு. கர்த்தர் அவன் பலவீனத்துக்கு இரங்கினார், நம்மிடமும் இரங்கலாம், ஆனால் அது முறையாக ஆகாது. ஆதியாகமம் 24இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் வேறு வகை. பத்து ஒட்டகங்களுக்குத் தானாக முன்வந்து தண்ணீர் இறைக்கும் பெண் என்று கேட்டான். பயணத்தில் வறண்டு வந்த ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர் குடிக்கக்கூடியது. அந்த அடையாளமே பெண்ணின் குணத்துக்கான சோதனை. அதற்குப் பிறகும் குடும்பத்தாரிடம் பேசினான், ரெபெக்காளையே கூப்பிட்டுக் கேட்டார்கள், அவள் "போகிறேன்" என்றாள். நீங்கள் கேட்பதானாலும் காரியத்தோடு சம்பந்தமுள்ளதைக் கேளுங்கள். நாளைக்கு மழை பெய்தால் போகிறேன் என்பது வேண்டாம். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக நம்பகமான ஒருவர் இரண்டு வருஷத்துக்கும் அமைவாரா என்பதை ஜெபித்துத் தேடுங்கள். அது அமைந்தால் அடையாளமும் ஆயிற்று, ஏற்பாடும் ஆயிற்று.

பத்து நாளை எப்படிச் செலவழிப்பது என்று சொல்கிறேன். பிரிஸ்டலில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் தேவசித்தம் தேடும் தன் முறையைச் சில வரிகளில் எழுதிவைத்தார். முதலாவது, அந்தக் காரியத்தில் இருதயத்துக்குச் சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு வருவது. கஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்றார். பிறகு, முடிவை வெறும் உணர்ச்சிக்கு விடாமல் வேதத்தோடு சேர்த்து ஆவியானவரின் மனதைத் தேடுவது, சூழ்நிலைகளைக் கவனிப்பது, ஜெபிப்பது, கடைசியில் தன் அறிவுக்கு எட்டியபடி ஆராய்ந்து முடிவுக்கு வருவது. மனம் அமைதியாக இருந்து, மேலும் இரண்டு மூன்று முறை ஜெபித்த பிறகும் அந்த அமைதி நிலைத்தால் அதன்படி நடப்பார். அவர் வரிசையில் அமைதி ஆராய்ச்சிக்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆராயாமல் மூன்று மாதம் அமைதியை மட்டும் எதிர்பார்த்தால் வராமல் போவதில் வியப்பில்லை.

முதல் படியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். எரேமியா 42இல், பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் மிஞ்சியிருந்த ஜனங்கள் எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டு வந்தார்கள், எது சொன்னாலும் கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்தார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: போகாதிருங்கள். உடனே நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். அவர்கள் முன்பே முடிவுசெய்துவிட்டு ஒப்புதல் முத்திரைக்காக வந்தவர்கள். உங்களுக்கும் பத்து நாள், அங்கேயும் அயல்நாடு, ஆகவே இது போகாதே என்ற அறிகுறி என்று தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்; அப்படி எடுப்பதுதான் இதுவரை நான் வேண்டாம் என்ற குறிபார்த்தல். அந்த அதிகாரம் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பதில் வந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்? அதைக் கர்த்தரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று நாளில் உண்மைகளைச் சேகரியுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டப் போன நெகேமியா ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தவர், ஆனால் ராஜா கேட்டபோது எவ்வளவு காலம், யாருக்கு என்ன கடிதம், எந்த வனத்திலிருந்து மரம் என்று கையில் கணக்கு வைத்திருந்தார். ஜெபமும் கணக்கும் ஒரே ஆளிடம். உங்கள் முகவர் பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே உங்களுக்கு வழிநடத்துதல் கிடைத்துவிட்டது. செவிலியர் பணிக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், வருடாந்திர விடுப்பு, விமானச் சீட்டு, இடையில் விலகினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆவிக்குரிய விஷயமாக ஒன்று: சவுதியில் தேவாலயக் கட்டடம் கிடையாது, பிற மதத்தார் வெளிப்படையாக ஆராதிக்க அனுமதி இல்லை. சபைக் கூடுகை இல்லாத இரண்டு வருஷத்தை உங்கள் விசுவாசம் எப்படித் தாங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அம்மாவின் மருத்துவரிடம் அவர் நிலைமை எப்படிப் போகும் என்று நேராகவே கேளுங்கள்.

நான்காம் நாள் எழுத உட்காருங்கள். இதற்கு நான் இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கரான லொயோலா இஞ்ஞாசியாரிடம் போகிறேன். நம் பக்கத்தில் இவ்வளவு துல்லியமான முறையை வேறு யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. 1522இல் மோன்செராத்துக்குப் போகும் வழியில், மரியாளை இழிவாகப் பேசியதாகத் தான் நினைத்த ஒருவனைத் துரத்திக் குத்துவதா என்று தெரியாமல், வழி பிரியும் இடத்தில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி அது போன பக்கம் போனவர் அவர். நல்லவேளை, அது வேறு பாதையில் போயிற்று. அதே மனிதர் பிற்காலத்தில், தெளிந்து தேர்தல் என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொல்வதற்கு நான்கு பக்கமும் எண்ணிப் பார்க்கச் சொன்னார், அதை நான்கு பத்திகளாக எழுதுங்கள்: ஏற்றால் வரும் நன்மை, ஏற்றால் வரும் கேடு, ஏற்காவிட்டால் நன்மை, ஏற்காவிட்டால் கேடு. இரண்டு பத்தி போதாதா என்று தோன்றும். எழுதிப் பாருங்கள், மூன்றாவது பத்தியில்தான் எதிர்பாராதவை வரும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது தேவனுக்கும் பிறருக்கும் நான் செய்யும் ஊழியத்துக்காகவா, என் பெருமைக்காகவா, பயத்துக்காகவா என்று குறியுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், எடையைப் பாருங்கள். பிறகு, முன்பின் அறியாத ஒரு செவிலியர் இதே நிலைமையோடு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். சாகும் வேளையில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவீர்கள் என்றும் எழுதுங்கள்.

கணவர் தனியாக அதே தாளை நிரப்பட்டும், பிறகு ஒப்பிடுங்கள். 1 தீமோத்தேயு 5:8 சொந்த வீட்டாரை விசாரிப்பதை விசுவாசத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஆனால் டயாலிசிஸுக்குப் பணம் அனுப்புவதும் விசாரிப்பு, பக்கத்தில் இருந்து கையைப் பிடிப்பதும் விசாரிப்பு. எது அம்மாவுக்கு இப்போது அதிகம் தேவை என்பதை அவரிடமே கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அம்மா பேசவில்லை.

ஏழாம் நாள் ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கர்த்தரிடம் வைத்து மூன்று நாள் ஜெபியுங்கள். உங்களை நன்கு அறிந்த இரண்டு மூன்று பேரிடம், அதில் ஒருவராவது நீங்கள் நினைப்பதற்கு மாறாகப் பேசத் தயங்காதவராக இருக்கட்டும், தாளைக் காட்டுங்கள். புதிய உண்மை வந்தால் மாற்றுங்கள். மனம் வறண்டு இருண்ட ஒரு இரவில் மட்டும் மாற்றாதீர்கள். இதுவும் இஞ்ஞாசியாரின் விதி, அனுபவத்தில் மிகவும் பயன்படுகிற விதி.

முடிவுக்குப் பிறகு கஷ்டம் வந்தால் சித்தம் தவறிவிட்டது என்று அர்த்தமா? அப்போஸ்தலர் 16இல் ஆசியாவில் தடை, பித்தினியாவில் தடை, பிறகு துரோவாவில் தரிசனம், கர்த்தர் அழைத்தார் என்று எல்லாரும் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டு கிளம்பியது. இவ்வளவு தெளிவான வழிநடத்துதலின் முடிவில் பிலிப்பியில் கிடைத்தது பிரம்படியும் தொழுமரமும். தமிழ்நாட்டின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை உருவாக்கிய ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குப் போனார், உடல்நலம் கெட்டது, 1894இல் இலங்கைக்கு வந்தார், வீடு திரும்பினார், 1895இல் பெங்களூருக்கு வந்தார். கோயிலிலிருந்து தப்பிவந்த சிறுமி 1901இல் அவரிடம் வந்துசேர்ந்த பிறகுதான் அவருடைய வாழ்நாள் வேலை எது என்று துலங்கியது. 1893இல் அவர் கையில் அந்த வரைபடம் இல்லை. எரேமியா 29:11 வசனத்தை நாம் சுவரில் மாட்டுகிறோம். அது வருவதோ பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று இனிமையாகச் சொன்ன அனனியாவின் தீர்க்கதரிசனம் பொய்யானது. எரேமியா சொன்னது வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது. உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம் என்று சங்கீதக்காரன் பாடியபோது அவன் கையில் இருந்தது எண்ணெய் விளக்கு. அடுத்த அடி தெரியும், ஊர் எல்லை தெரியாது.

ஆகவே போவதானால் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தேதி குறித்து, அன்றைக்குக் கணவரும் நீங்களும் தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பதாகப் பேசி வையுங்கள். ஒப்பந்தத்தின் நகல், பாஸ்போர்ட் நகல், இந்தியத் தூதரக எண் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். போகாமல் இருப்பதானால் கடனுக்கு வங்கியில் தவணையை நீட்டிக்கக் கேட்பது முதல் வாரமே நடக்கட்டும், தள்ளிப்போட்டால் மூன்று மாதத்தில் இதே கேள்வி வேறு உருவில் வரும். தீர்க்கதரிசனம் சொன்னவர் கேட்டால், சபையில் நிதானித்து, ஜெபித்து, வீட்டாரோடு முடிவெடுத்தோம், தொடர்ந்து ஜெபியுங்கள் என்று மரியாதையாகச் சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் தர நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. நாளைக் காலை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் முறை உங்களுடையது என்றால், அங்கே காத்திருக்கும் நேரத்தில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.